கம்பத்து செட்டும் தரை செட்டும்

சோலார் விற்க வருகிற எவனையும் நான் நம்புவதில்லை. அறுபது வாட் பேனலின் முதுகில் நூறு வாட் ஸ்டிக்கர் ஒட்டி விற்றவனிடம் சொந்த வீட்டுக்கே வாங்கி ஏமாந்தவன் நான். அதற்குப் பிறகு ஸ்டிக்கரைப் படிப்பதை விட்டுவிட்டேன். தூக்கிப் பார்ப்பேன், மீட்டர் வைத்துப் பார்ப்பேன், விற்பவன் முகத்தையும் பார்ப்பேன்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. கிழக்கே, உப்பங்கழி இருக்கும் பக்கம், ஒன்பது இடங்களில் குழாய் இறக்கியிருக்கிறோம். பம்பு கிடையாது. நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, உப்பு ஏறுகிறதா என்று பார்க்க மட்டும். வாரம் ஒரு ஆள் பைக்கில் போய் டேப்பை இறக்கி அளந்து வருவான். பாதி நாள் போகாமலே எழுதுவான், அது எனக்குத் தெரியும். அதனால் அளவு தானாகவே ஆபீசுக்கு வரட்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். அந்தப் பக்கம் கரண்ட் லைன் இல்லை. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ரேடியோ பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு சோலார் பேனல் வேண்டும். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் நிற்காமல் ஓட வேண்டும். எதை வாங்குவது என்று எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சென்னை ஷோரூம்காரன். வழவழப்பான புத்தகம், வழவழப்பான பேச்சு. எதைக் கேட்டாலும் "நோ இஷ்யூ சார்" என்றான். இன்னொருவர் பழவேற்காட்டுப் பாய். வெளிநாட்டில் டவர் வேலை பார்த்துவிட்டு வந்து பொன்னேரியில் கடை போட்டவர். அவரே பேனல், பேட்டரி, பெட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக் கட்டுவார். விலை குறைவு. குறைவு என்றதுமே எனக்கு மூக்கு வியர்த்தது.

பாய் எதையும் மறைக்கவில்லை. இந்த ஒன்பது செட்டு அவருக்குக் கிடைத்தால் எஸ்டேட்டில் மற்ற கம்பெனிகளும் கூப்பிடும். கிடைக்காமல் போனால், அதுவும் டிரையலில் தோற்றுக் கிடைக்காமல் போனால், ஒரு கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். கடையை மூடிவிட்டுத் திரும்ப ஃப்ளைட் ஏற வேண்டியதுதான். பிள்ளைக்கு இப்போதுதான் தன் முகம் பழகியிருக்கிறது என்றார். பிள்ளையைக் காட்டி வியாபாரம் பேசுகிறாரே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

ஒரே குழாயடியில் இரண்டு செட்டையும் நிற்க வைத்தோம். ஒரு மாதம் டிரையல். ஷோரூம்காரன் உயரமான கம்பம் நட்டு உச்சியில் பேனலை மாட்டினான். பாய் இடுப்பு உயரத்தில் இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல் படுக்கையாகச் சாய்த்து வைத்தார். ஏன் இவ்வளவு தாழ்வாக என்று கேட்டேன். உப்புக் காற்று ஒரு பக்கம், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கமிருந்து வரும் சாம்பல் ஒரு பக்கம், கைக்கு எட்டினால்தான் யாராவது துடைப்பார்கள் என்றார். கம்பம் வாங்கக் காசில்லாததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நாள் இரண்டும் ஒழுங்காக ஓடின. நடுவில் ஆயுத பூஜை வந்தது. அதற்குப் பிறகு நாலாவது நாள் பாயின் செட்டு விடியற்காலையில் செத்தது. வெயில் ஏறினதும் உயிர் வந்தது, மறுபடி இரவில் செத்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கம்பத்து செட்டு மட்டும் அசராமல் ஓடியது.

எனக்கு ஆச்சரியமே இல்லை. பத்து நாள் ஓடிவிட்டுப் படுப்பதுதானே போலிச் சரக்கின் குணம். பழைய பேட்டரிக்குப் புது உறை போட்டிருப்பார் என்று முடிவு செய்தேன். போன் போட்டேன். அன்றைக்கே ஸ்கூட்டரில் வந்தார். செட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். பெட்டியைத் திறக்கவில்லை, எதையும் தொடவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"பேனல்ல தூசு கீது அண்ணே. யாரையாவது தொடைக்கச் சொல்லுங்க, சரியாயிடும்."

"இன்னா பாய், சாம்பல் மேல பழியா? பக்கத்துல அந்த செட்டு மேல மட்டும் பன்னீரா கொட்டுது?"

அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். திருடன் நின்று பேசமாட்டான் என்று அதையும் கணக்கில் சேர்த்தேன். துடைக்கச் சொல்லவில்லை. துடைத்தால் அவருக்குச் சாதகமாக நான் ஏதோ செய்ததாகிவிடும், டிரையல் டிரையலாக இருக்க வேண்டும் என்பது என் நினைப்பு.

மாதம் முடிந்ததும் ரிப்போர்ட் எழுதினேன். பேட்டரி சந்தேகத்துக்குரியது, ஆள் நம்பிக்கைக்குரியவர் அல்ல என்று அப்படியே எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். மறுநாள் சாமானைக் கழற்றி எடுத்துப்போகச் சொல்லிப் பாயைக் கூப்பிட்டேன். நானும் போனேன், பேட்டரியைத் திறந்து அவர் கண் முன்னாலேயே காட்டிவிட வேண்டும் என்று.

பேட்டரியைத் திறந்தேன். புதுசு. மீட்டர் வைத்தேன். காலி, ஆனால் நல்ல பேட்டரி. பேனலிலிருந்து வரும் ஒயரில் மீட்டரை வைத்தேன். உச்சி வெயிலில் பேருக்குக் கொஞ்சம் கரண்ட் வந்தது.

"அப்போ பேனலுதான் டூப்ளிகேட்டு. இன்னா பாய், ஊரை ஏமாத்தற வேலைக்கா வெளிநாட்டிலேர்ந்து வந்தே?"

அவர் முகம் கறுத்துவிட்டது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு துணியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே தொடைங்க அண்ணே. நான் அதுல கை வெக்கமாட்டேன்."

எதை என்று குனிந்து பார்த்தேன். பேனலின் கீழ்ப்பாதியில் இந்த ஓரம் தொட்டு அந்த ஓரம் வரை மூன்று திருநீற்றுப் பட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்து சிமெண்டு மாதிரி ஒட்டியிருந்தது.

போட்டவன் நான்தான். ஆயுத பூஜை அன்று ஆபீசில் கம்ப்யூட்டர், ஜெனரேட்டர், லேத்து, வண்டி எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுவிட்டு, கிழக்கே இருக்கிற இரண்டு செட்டு மட்டும் என்ன பாவம் செய்தன என்று தட்டோடு பைக்கில் வந்தவன் நான். கம்பத்துப் பேனல் எட்டவில்லை, கம்பத்தின் காலில் பொட்டு வைத்தேன். பாயின் பேனல் கைக்கு வாகாக இருந்தது. நன்றாக, தாராளமாகப் பூசினேன். பேனலில் குறுக்கே ஒரு வரிசை கட்டம் மூடினாலே மொத்தமும் படுத்துவிடும் என்பது புதுசாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். பேட்டரியில் இருந்த சேமிப்பு மூன்று நாள் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனையோ முறை அங்கே வந்திருக்கிறேன். பட்டை கண்ணில் பட்டிருக்கும். மெஷின் என்றால் பட்டை இருக்கும். இல்லாவிட்டால்தான் எனக்கு உறுத்தியிருக்கும்.

துடைத்தேன். சுரண்ட வேண்டியிருந்தது. மீட்டரில் எண் தடதடவென்று ஏறியது.

"வந்த அன்னிக்கே பாத்துட்டே இல்ல? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சாமிக்கு வெச்சத அழின்னு நான் சொன்னா, நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க அண்ணே?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

சாமானைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுடையது, மறுபடி டிரையல் வைக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், நேத்து திருடன்னு எழுதிக் குடுத்த. இன்னிக்கு உத்தமன்னு சொல்லிக்கினு வந்து நிக்கிற. பாய் ஊட்ல பிரியாணியா?"

சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன், இதைவிட மோசமாகவும் கேட்டிருப்பேன். மறுபடி டிரையல் வைக்கவில்லையென்றால், என் கையால் பேனலில் பூசிக் கெடுத்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்புவேன் என்றேன். அவருக்கு அந்தக் காகிதம் மேலே போவது பிடிக்கவில்லை. சம்மதித்தார்.

இரண்டாவது டிரையல் மழைக்காலத்தில் விழுந்தது. நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் முகம் காட்டவில்லை. கம்பத்து செட்டு மூன்றாம் நாள் விடிவதற்குள் நின்றது, பாயின் செட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஷோரூம்காரனுக்குப் போன் போட்டேன். "நோ இஷ்யூ சார்" என்றான். கம்பத்தில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மழைக்குப் பிறகும் பேனலின் கீழ் ஓரத்தில் சாம்பல் சேறு மாதிரிப் படிந்திருந்தது. அத்தனை உயரத்தில் யார் துடைப்பார்கள், பேட்டரி எப்படி நிறையும்.

ஒன்பதும் பாய்க்குப் போயிற்று. சரக்கு வந்து இறங்கிய அன்று வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தூக்கினேன், தட்டினேன், மீட்டர் வைத்தேன். பாய் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது பெட்டியின் கதவிலும் ஒரு சின்ன தகடு தனியாக ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தது. உள்ளங்கை அளவு. ஒயர் எதுவும் போகவில்லை. டிரையல் செட்டில் இது கிடையாது. ஏதோ ஓட்டையை மறைத்திருக்கிறார் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒன்றைக் கழற்றினேன். பின்னால் ஒன்றுமில்லை, வெறும் கதவு.

"இன்னா பாய் இது?"

"பொட்டு வெக்கிறதுக்கு அண்ணே."

தகட்டைத் திரும்ப மாட்டினேன். மற்ற எட்டையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.