டிக் அடித்த வரி

1. புதன்கிழமை காலை ஒத்தக்கடையில் பஸ் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது.
2. அனுப்பியது மனிதர் அல்ல. உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள் ஓயாமல் தாறுமாறான கட்டளைகளைக் கொட்டி, எங்கே செயலிழந்து விழுகிறது என்று பார்க்கும் ஒரு நிரல். அதை பாட் என்போம்.
3. கெர்னல் விழுந்திருந்தது. கணினிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை ஏதோ ஒரு நிரல் மறுபடி தொட்டிருக்கிறது.
4. எந்த மாற்றத்துக்குப் பிறகு விழ ஆரம்பித்தது என்பதையும் பாட் கண்டுபிடித்திருந்தது. அது என் மாற்றம். கெர்னலில் நான் சேர்த்த முதல் மாற்றமும் அதுதான்.
5. என் பெயருக்குக் கீழே, சரிபார்த்தவர் என்று எங்கள் டீம் லீடின் பெயர்.
6. கோரிப்பாளையத்தில் இறங்க மறந்தேன்.

சிம்மக்கல்லில் இறங்கிப் பாலத்தின் மேல் திரும்பி நடந்தேன். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஊர் உலகமெல்லாம் படிக்கும் அஞ்சல் பட்டியலில் அந்தக் கடிதம் கிடக்கிறது என்ற நினைப்பிலேயே அலுவலகப் படி ஏறினேன்.

லீடை அலுவலகத்தில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு முன்பே படித்திருந்தார்.

"வா தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஃபேமஸ் ஆயிட்டோம் போல."

"பாத்தேண்ணே."

"நம்ம டெஸ்ட்ல ஏன் விழல?"

"தெரியலண்ணே. ஓட்டிப் பாக்குறேன்."

விழ வைக்கும் சின்ன நிரலையும் பாட் இணைத்திருந்தது. அதை என் லேப்டாப்பில் ஓட்டினேன். விழவில்லை. மறுபடி ஓட்டினேன். பதினோரு மணி வரை ஓட்டியும் விழவில்லை. விழாதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இருக்கவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "விழலேல்ல? அப்ப அந்த பாட் புரோகிராமுக்குத்தான் கிறுக்கு. எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுதுன்னு எழுதிப்புடுவோமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

செட்டிங் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். மெமரியைத் தவறாகத் தொட்டால் உடனே கத்தும் ஒரு செக்கர் கெர்னலில் உண்டு. அது அணைந்திருந்தது.

அணைத்தது நான்தான். சோதனை நடந்த அன்று எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். வீட்டிலிருந்து இதே லேப்டாப்பில் வேலை பார்த்தேன்; அதன் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. செக்கர் ஓடினால் சோதனை மந்தமாகும், மதியம் வரை இழுக்கும். அணைத்துவிட்டு ஓட்டினேன். எட்டே முக்காலுக்கு முடிந்தது. என் நோட்டில் 'சோதனை' என்ற வரிக்கு டிக் அடித்தேன். செக்கரைத் திரும்பப் போட வேண்டும் என்பது நோட்டில் இருந்த பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை நான் செய்வதில்லை.

இப்போது செக்கரைப் போட்டேன், ஓட்டினேன். முதல் தடவையிலேயே விழுந்தது.

காரணம் அரை மணி நேரத்தில் கிடைத்தது. என் மாற்றம் ஒரு சாதனத்தை இயக்கும் பகுதியில். ஒரு பக்கம் அந்தச் சாதனத்தை மூடும்போது, இன்னொரு பக்கம் யாராவது அதிலிருந்து படித்துக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே மெமரியை விட வேண்டும். நான் எழுதியதோ முதலில் மெமரியை விட்டது, பிறகு காத்திருந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது.

அது சுலபம். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நிற்பதுதான் முடியவில்லை. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு செக்கர ஆஃப் பண்ணித்தான் ஓட்டுனேன்."

கிளாஸைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"ஒம்பது மணிக்கு கரண்ட் ஷட்டவுன். அதுக்குள்ள முடிக்கணும்னு."

"அம்புட்டு அவசரமா? மறுநா ஓட்டிருக்கலாம்ல."

"ஆமாண்ணே."

"நீ டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொன்ன. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என் பேரப் போட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பதில்ல அப்படியே எழுது. கரண்டு மேல பழியப் போடாத. ஆனா இந்தத் தடவ உன் பேச்ச வச்சு பேர் போடமாட்டேன். என் மெஷின்ல நானே ஓட்டிப் பாக்குறேன்."

எழுதினேன். செக்கரை அணைத்து ஓட்டியதையும், அதை யாரிடமும் சொல்லாததையும் எழுதினேன். மின்தடையைப் பற்றி எழுதவில்லை. திருத்தத்தையும் இணைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

இதை எழுதும்போது வெள்ளிக்கிழமை மதியம். திருத்தத்தை பாட் ஓட்டிப் பார்த்து, விழவில்லை என்று பதில் அனுப்பிவிட்டது. கெர்னலில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் பழைய மாற்றத்தை முழுதாக நீக்கினாலும் நீக்கலாம். அண்ணனின் கணினியில் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்தத்தின் கீழே இப்போதைக்கு என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.