கப்பலுக்குப் போகவேண்டிய பட்டியல்

நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வாற கப்பல்களுக்கு மரக்கறி, மீன், குடிதண்ணி ஏத்துற ஆக்களுக்குள் இண்டைக்கு என்னைத் தெரியாதவன் இல்லை. ஒருத்தரும் தூக்கிவிடேல்லை, மூட்டை சுமந்து வந்தனான். அப்படிப்பட்ட என்னை ஒரு வைஃபை ஆட்டிப்படைச்சதை நினைச்சால் இப்பவும் பத்திக்கொண்டு வருது.

முந்தி விலைப்பட்டியலைக் கப்பல் ஏஜெண்டிட்டைக் கையில் கொண்டுபோய்க் குடுப்பம். இப்ப ஈமெயிலில்தான் வரவேணுமாம். அதுக்கெண்டே புதுக் கணினி ஒண்டு வாங்கினனான். மூண்டு நாளாய் அதில் ஒரு ஈமெயிலும் போகவே இல்லை. நாலாம் நாள், பெரிய கப்பல் ஒண்டுக்குப் பகல் பன்னிரண்டுக்குள் பட்டியல் போகவேணும். என்ர மகள் காலமை ஒன்பதில் இருந்து அனுப்பிப் பார்க்கிறாள். திரையில் வட்டம் சுத்தினபடியே நிக்குது.

"அப்பா, ஃபோனில் மாத்தி அனுப்பட்டோ? அதுக்கு வைஃபை நல்லா வருது."

"அப்ப இதை வாங்கினது பூ வைச்சுக் கும்பிடவோ?" எண்டு கத்தினனான்.

வைஃபை தாற கம்பனிக்கு எடுத்து ஏசினேன். லைனில் பிழையில்லை எண்டாங்கள். கணினி வித்த கடைக்கு எடுத்து, பழசைத் தலையில் கட்டிப்போட்டீங்கள் எண்டு ஏசினேன். பதினொண்டரை போலக் கடையின்ர திருத்துற ஆள், பக்கத்துக் கிண்ணியா ஊர்க்காரர், வந்து சேர்ந்தார். மேசையைப் பார்த்தார், குனிஞ்சு கீழேயும் பார்த்தார்.

"ஐயா, திரை இருக்கு. கணினிப் பெட்டி எங்க?"

"அலுமாரிக்குள்ள."

இரும்பு அலுமாரி. கடல்காத்துக்கு எங்கட தெருவில் பூட்டே ஒரு வருசம் தாங்காது. தராசு, ரேடியோ எல்லாத்தையும் நான் அப்படித்தான் காப்பாத்தினனான். பின்பக்கம் துளை போட்டு, வயரை வெளியில் எடுத்து, உப்பு நுழையாமல் பசையால் அடைச்சு, கதவையும் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தனான்.

அவர் சிரிச்சார். "வைஃபையை வெளியில விட்டிட்டுப் பூட்டியிருக்கிறீங்கள் ஐயா. இரும்பு அதை மறிக்கும்."

"விக்கேக்க சொன்னீங்களோ?"

"அலுமாரிக்குள்ள வைக்காதேங்கோ எண்டு இதுவரைக்கும் ஆருக்கும் சொல்லவேண்டி வரேல்லை!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அங்கால திரும்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே திறந்து பெட்டியை இழுத்தேன். வரேல்லை. நான் அடைச்ச பசை கல்லாய் இறுகிப்போய் வயரைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. கத்தியால் சுரண்டிச் சுரண்டி, பெட்டியை மேசையில் ஏத்தி முடிக்கப் பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிசம். பட்டியல் கண் மூடித் திறக்கமுன்னம் போச்சு.

ஏஜெண்டுக்கு எடுத்தேன். "நேரம் போட்டுது அண்ணை. ஓடரை மற்ற ஆளுக்குக் குடுத்தாச்சு," எண்டார்.

"முப்பது வருசமாய் உங்களுக்குச் சாமான் தாறவன் நான்!"

"ஓம் அண்ணை. ஆனால் ஏலாது."

கம்பனிக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் ஏசினதை நான் திருப்பி எடுக்கேல்லை. பின்னேரம் மற்ற ஆளின்ர லொறி, போஞ்சியும் கரட்டும் நிறைய ஏத்திக்கொண்டு, என்ர வாசலால்தான் இறங்குதுறைக்குப் போனது. சாரதி எனக்குக் கை காட்டினான். நான் காட்டேல்லை.