குறைவாக இருந்தால் நல்லது

எங்கள் தொழிலில் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய குடலைப் பார்த்துவிடுவோம். தஞ்சாவூரில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் நான். ரிப்போர்ட் வரும்வரை கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கும் அதே தவிப்புதான் என்றால் நம்பமாட்டீர்கள்.

நின்றபடி வந்த மெழுகு

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மலர்க்கொடி அம்மா வந்தார். அவர் கணவர் சந்தானம், விவசாயி. பெருங்குடலில் புற்றுநோய். வேறு ஊரில் ஆபரேஷன் முடிந்தும் கல்லீரலில் இரண்டு புள்ளிகள் மிச்சம். கீமோ மருந்து கேட்குமா என்று முன்கூட்டியே ஓரளவு அனுமானிக்க, புற்றில் ஒரு நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நொதியை முடக்கித்தான் மருந்து வேலை செய்கிறது. அது ஏராளமாக இருந்தால் மருந்து திணறும்.

வெட்டியெடுத்த துண்டை மெழுகு வில்லைக்குள் பதித்துக் கொடுத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ், அதற்குள் வாழையிலை, அதற்குள் ஈரத்துணி. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ல வெயில் பக்கம்தான் சீட்டு இருந்துச்சு சார். உருகிடுமோன்னு நின்னுக்கிட்டே வந்துட்டேன்."

மிதக்கும் ஏடு

மெழுகை இயந்திரத்தில் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் விடுவோம். மூச்சுப் பட்டால் பறந்துவிடும் அந்த ஏடு, சுருக்கம் நீங்கி மெல்ல விரியும்போது எனக்கு உலகமே மறந்துபோகும். அன்று மதியம் மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. ஏடு மிதந்தது, நானும் மிதந்தேன்.

சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நட்ட வயலை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல வரிசை வரிசையாகச் செல்கள். புற்று புகுந்த இடத்தில் மட்டும் வரிசை கலைந்து கிடந்தது. நொதி இருந்தால் அங்கே பழுப்பு ஏறும். இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு லேசாகத்தான் ஏறியிருந்தது. முகம் தெரியாத அந்த மனிதரின் வரப்பில் எவ்வளவு நேரம் நடந்தேனோ, பின்னாலிருந்து எங்கள் டாக்டர் அம்மாவின் குரல் கேட்டது: "சேகர், வயல் சுத்திப் பார்த்தது போதும், எந்திரிங்க, நானும் பார்க்கணும்."

எட்டு நாள் சூப்பு

ரிப்போர்ட்டை வாங்கிப்போன மலர்க்கொடி அம்மா எட்டு நாள் கழித்துக் கணவரோடு வந்து நின்றார். நொதி குறைவு என்று மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னாராம். ரத்தம் குறைந்தால் முருங்கைக்கீரை கொடுப்பதில்லையா, அந்தக் கணக்கில் காலையில் ஆட்டுக்கால் சூப்பு, மதியம் ஈரல், மாலையில் கீரைச்சாறு. இப்போது ஏறியிருக்கும், மறுபடி பாருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

இது சாப்பாட்டில் ஏறுவதில்லை, குறைவாக இருப்பதுதான் நல்லது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மருந்து கண்டிப்பாக் கேட்கும்மா" என்றும் சேர்த்துவிட்டேன். சந்தானம் முதல்முறையாக வாய் திறந்தார்: "அப்ப நாளையிலேருந்து ரசஞ்சோறு போதும்னு இவகிட்ட சொல்லிடுங்க சார்."

கண்டிப்பாக

அவர்கள் போனதும் எனக்கு நன்னிலத்துக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தது. அவருக்கும் நொதி குறைவுதான். மருந்து கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் அம்மா கோபப்படாமலே சொன்னார்: "குறைவா இருந்தா வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சேகர். கண்டிப்பான்னு சொல்ல நாம யாரு?"

ஸ்கேன்

கீமோ நடந்த மாதங்களில், தண்ணீரில் விரிந்த ஒவ்வொரு ஏட்டிலும் எனக்கு அந்தக் 'கண்டிப்பா'தான் மிதந்தது. ஸ்கேன் எடுத்த அன்று மலர்க்கொடி அம்மா நேரே என்னிடம் வந்தார். ஒரு புள்ளியைக் காணோம், இன்னொன்று பாதியாகியிருந்தது. ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நிச்சயம் தெரியாமல்தான் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ஸ்கேன் கவரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அது உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது சார். ஆனா எட்டு நாளா நான் தூங்கல. தூங்குறதுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்துச்சு, அதான் நம்பிக்கிட்டேன்."

கையுறை, முகக்கவசம், மேலங்கி எல்லாம் மாதாமாதம் தருகிற எங்கள் பரிசோதனைக் கூடம், டெக்னீஷியன் வாய்க்கு ஒரு பூட்டு தர மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.