செம்புத் தகடும் என் ஹெட்போனும்

1

சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மேனாகப் பொறுப்பேற்ற முதல் நாளே, வெடிமருந்து கலக்கும் மருந்தறை வாசலில் தொழிலாளி பேச்சியம்மாளைத் தடுத்து நிறுத்தினேன். உள்ளே செல்பவர் எவராயினும் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். உடலில் தேங்கிய மின்னூட்டம் எர்த் கம்பி வழியே மண்ணில் இறங்கிவிடும்; இல்லையேல் ஒரு சிறு பொறியிலேயே மருந்து பற்றிக்கொள்ளும். அவர் தொடாமல் நுழைய முற்பட்டார்.

“வேன்ல வந்து இறங்குனவ ஒடம்புல என்னய்யா கரண்டு இருக்கப் போவுது?”

“தொட்டுட்டு வாங்க” என்றேன். தொட்டார். ஓய்வு பெறும் நாள்வரை அச்சொல்லைத் தவறாமல் கூறிவந்தேன்.

2

ஓய்வுக்குப்பின் நாகசுரம் கேட்பதற்கென மேசைமேல் கணினி, சிறிய ஆம்ப்ளிஃபையர், நல்லதொரு ஹெட்போன் ஆகியவற்றை அமைத்தேன். இசைக்கு அடியில் வண்டு முரல்வதுபோல ஓர் இரைச்சல். ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் மீளும். ஆறு நாள் ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகியும் பயனில்லை. ஏழாம் நாள் மாலை, ஆம்ப்ளிஃபையரைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லக் கூரியர்காரர் வருவதாக ஏற்பாடு. அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை.

அன்று நண்பகலில், மகன் திருமண அழைப்பிதழுடன் பேச்சியம்மாள் வந்தார். நான் ஒரு கையைப் பெட்டிமேல் வைத்தபடி நாகசுரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் சத்தம் அடங்குமாம். ஆறு நாளா இந்தக் கூத்துதான்” என்றார் என் மனைவி.

பேச்சியம்மாள் பெட்டியைப் பார்த்தார். “தொட்டா அடங்குதா? அப்ப எர்த்து எங்கன இருக்கு, போர்மேனய்யா?”

மேசைக்கு அடியில் குனிந்தேன். எல்லாவற்றையும் செருகியிருந்த பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் இரண்டே பின்கள். எர்த் பின்னே இல்லை.

“இம்புட்டு வருசம் எங்களத் தகட்டத் தொட வச்சீக. இப்ப ஒங்க பெட்டிக்கு நீங்களே தகடா நிக்கீகளே.”

என் மனைவி சிரித்துக்கொண்டே, மிக்ஸிக்கு வைத்திருந்த மூன்று பின் பாக்ஸை எடுத்து வந்தார். மாற்றினேன். கையை எடுத்தேன். இரைச்சல் இல்லை. நாகசுரக்காரர் மூச்சிழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. மாலையில் வரும் கூரியர்காரர் இனி வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டும்.

பிறரிடம் நாள்தோறும் வற்புறுத்திய ஒன்றை நம் மேசையிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம். இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே.

பேச்சியம்மாளிடம் ஹெட்போனை நீட்டினேன். அணிவதற்குமுன் ஒரு விரலால் பெட்டியைத் தொட்டார்.

“நீங்க சொல்றதுக்கு முந்தியே தொட்டாச்சு. பாட்டப் போடுங்க.”