எட்டு லிட்டர் தண்ணீர்

சிலி நாட்டின் வால்டிவியாவில் நகரப் பேருந்து ஓட்டும் ஒட்டிலியா பாரியா எங்கள் பெண்கள் படகுக் குழுவில் துடுப்பு போடுபவள். ஓய்வு நாளில் வீட்டின் பின்கட்டில் பீர் காய்ச்சுவாள். போன வருடப் பந்தயத்துக்கு அவள் கொண்டுவந்த பீரில் பேருக்குக்கூட நுரை இல்லை. "இதுக்கு ஆத்துத் தண்ணியே தேவல!" என்று எங்கள் குழுவின் நெலிடா கத்த, கரையே சிரித்தது. ஒட்டிலியாவும் சிரித்தாள், காது மட்டும் சிவந்துபோனது.

இந்த வருடம் வழக்கமான இருபது லிட்டரை நாற்பதாக்கினாள். முளைகட்டிய பார்லியான மால்ட் இரட்டிப்பு, தண்ணீர் இரட்டிப்பு. புதிதாக வாங்கிய அகலப் பானையில் காய்ச்சும்போது எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

பீர் புளித்து முடிந்து, புட்டியில் அடைக்கும் நாளில் நானும் கைகொடுக்கப் போயிருந்தேன். அடைப்பதற்கு முன் அளந்து சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விட்டால்தான் பீர் நுரைத்துப் பொங்கும். நாங்கள் வெளியே புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கணவன் எலியோடோரோ உள்ளேயிருந்து பெருமையாகக் கூவினான்.

"பாகு ஊத்தியாச்சு! லிட்டருக்கு எட்டு கிராம், நாப்பதுக்கு முன்னூத்தி இருவது!"

ஒட்டிலியா ஓடிப்போய்த் தொட்டியின் அளவுக்கோட்டைப் பார்த்தாள்.

"யோவ், கோட்டப் பாத்தியா? முப்பத்திரெண்டு லிட்டர்தான்யா இருக்கு!"

"அதனாலென்ன, கொஞ்சம் நுரை கூட வரும்."

"லிட்டருக்குப் பத்து கிராம் ஆயிடுச்சு! இந்தப் பழைய புட்டிங்க தாங்குமா? வெடிச்சா உன் மீசைகூட மிஞ்சாது!"

அவன் மீசையைத் தடவிக்கொண்டு பின்வாங்கினான். அவளோ தொட்டியையே வெறித்தாள். திடீரென்று என் தோளில் ஓங்கி ஒரு தட்டு.

"அடியே, காணாமப்போன எட்டு லிட்டரும் வெறும் தண்ணிதானேடி! ஆவியாப் போனதத் திருப்பி ஊத்திட்டா பீரும் சரியாகும், சர்க்கரையும் சரியாகும்!"

உடனே அடுப்பு எரிந்தது. எட்டு லிட்டரைக் கொதிக்கவைத்து, மூடிய பானையைப் பனிக்கட்டித் தொட்டியில் ஆறவைத்தோம். தளும்பாமல், குழாய் வழியே அடியில் மெல்ல இறக்கினாள். கோடு நாற்பதைத் தொட்டதும் மூவரும் ஒன்றாகக் கத்தினோம்.

மூன்று வாரம் கழித்துப் பந்தயம். நாங்கள் நாலாவதாக வந்தோம், யாருக்குக் கவலை? ஒட்டிலியா முதல் மூடியைத் திறந்தாள். 'புஸ்' என்றது. கோப்பையில் நுரை இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்து, வழியாமல் நின்றது. நெலிடா ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துடி. என் மக கல்யாணத்துக்கு எம்பது லிட்டர் வேணும், முடியுமா?"

"முடியும்!" என்றாள் ஒட்டிலியா, கேள்வி முடிவதற்குள்.