கடலுக்குப் போன டாக்டர் குரல்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்திருந்த சமயம். மாரியூருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் நான் 'நர்சக்கா'. என் சொந்த ஊர் கமுதிப் பக்கம், மிளகாய் விளைகிற கரிசல் பூமி. கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் கடற்கரை மக்களோடு பழகிவிட்டால் வேறு எங்கும் வேலை பார்க்க மனசு வராது.

அந்த வருடம் எங்கள் பகுதியில் டெங்கு பரவியது. குடிதண்ணீர் லாரி எப்போதாவதுதான் வரும் என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல டிரம்களில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பார்கள். கொசுவுக்கு அதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

எங்களுக்குத் தகவல் எல்லாம் கைபேசியில்தான் வரும். மாவட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, வட்டாரத்துக்கு ஒன்று, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்று, செவிலியர்கள் நாங்களாகவே ஆரம்பித்தது இன்னொன்று. ஒரு சுற்றறிக்கையைத் திறந்து படிப்பதற்குள் அதைத் திருத்தி அடுத்தது வந்துவிடும். நடுவில் யாராவது பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். முக்கியமான செய்தி எங்கேயோ மேலே போய்விடும். ஒழுங்காக சிக்னல் வேண்டுமென்றால் துணை சுகாதார நிலையத்தின் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

அப்போதுதான் ஊருக்குள் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. மதுரையிலிருந்து பெரிய டாக்டர் பேசுவதாக ஒருவர் கணீரென்று பேசினார். 'இந்தக் காய்ச்சல் தானா விட்டுரும். விட்டுட்டா பயமே இல்ல, தாராளமா வேலைக்குப் போகலாம். உடம்பு வலிச்சா ஒரு வலி மாத்திரை போட்டுக்குங்க.' பேசியது யார், எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்டவர்களுக்கு அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது.

ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால் வலி மாத்திரை கூடவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நான் தெருத்தெருவாகச் சொன்னேன். காய்ச்சல் விடுகிற நேரத்தைப் பற்றி சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. 'காய்ச்சல் தணியும் தருணத்தில் நோயாளி தீவிரக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்படல் வேண்டும்.' அதை ஒரு வீட்டில் விளக்கப் போனபோது அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"நர்சக்கா, காய்ச்ச இருக்கும்போது பாக்கச் சொன்னா ஞாயம். விட்ட பெறகு எதுக்குப் பாக்கணும்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. ஏன் என்ற காரணம் சுற்றறிக்கையில் இல்லை, எனக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறினேன். எங்கள் மருத்துவ அலுவலரின் போன் ஓயாமல் பேச்சிலேயே இருந்தது. சுற்றறிக்கையின் அடியில் கட்டுப்பாட்டு அறை எண் ஒன்று இருந்தது. யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அழைத்தேன். ஒரு பெண் டாக்டர் எடுத்தார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சிஸ்டர், காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் நாம பயப்படணும்" என்றார். "ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளியே போகும். ஆளு தெளிவாப் பேசுவாரு, ஆனா உள்ளுக்குள்ள ரத்த ஓட்டம் குறைஞ்சுக்கிட்டே வரும். வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகறது, ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துரணும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எப்படி அந்தத் தைரியம் வந்ததோ, உடனே கேட்டுவிட்டேன்: "மேடம், இதையே நீங்க பேசி அனுப்புங்க. ஊருக்குள்ள சுத்துறது ஒரு டாக்டர் குரல். அதுக்குப் பதில் சொல்லவும் ஒரு டாக்டர் குரல்தான் வேணும். நான் சொன்னா பத்தாது."

அவர் சிரித்துவிட்டார். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவதாகச் சொன்னார். நான் மாடியிலேயே காத்திருந்தேன். இருட்டுவதற்குள் வந்துவிட்டது. தன் பெயர், எங்கிருந்து பேசுகிறார், சந்தேகம் இருந்தால் எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னதை அப்படியே பேச்சுத் தமிழில் பேசியிருந்தார்.

மறுநாள் காலை கடற்கரையில் மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போனேன். ஊர் மீனவர் சங்கத் தலைவர் ஏலத்துக்கு வைத்திருந்த மைக்கில் என் கைபேசியை ஒட்டிப் பிடித்து அந்தக் குரலைப் போட்டார். மீன் கூடைகளோடு நின்ற பெண்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஒரு இளம்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நர்சக்கா, வயித்து வலின்னா எப்பிடிப்பட்ட வலி?"

"ஏன் கேக்குறே?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு நேத்துத்தான் காய்ச்ச விட்டுச்சு. அப்ப இருந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டே கெடந்தாக. வாயுன்னு சொல்லிட்டு இன்னைக்குக் கடல் தொழிலுக்குப் போய்ட்டாக" என்றவள், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே..." என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தூரத்துக்குக் கைபேசி எடுக்காது. தலைவர் வீட்டில், கடலில் இருக்கும் மீன்பிடி வள்ளங்களோடு பேசுகிற வயர்லெஸ் இருந்தது. மூவரும் ஓடினோம். அந்தப் பெண்ணின் கணவர் போன வள்ளத்தைத் தலைவர் கூப்பிட்டார்.

"ஏலே, கரையில இருந்து பேசுறேன். கேக்குதா? ஒன் வள்ளத்துல வந்தவன் எப்பிடி இருக்கான்?"

கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே வள்ளம் ஓட்டுபவரின் குரல் வந்தது. "வாந்தியா எடுத்துட்டுப் படுத்துருக்கான்ணே. இப்பத்தான் வலி மாத்திரை ஒண்ணு குடுக்கப் போறேன்."

நான் கருவியைப் பிடுங்கி, "குடுக்காதீங்க! குடுக்காதீங்க!" என்று கத்தினேன். பதிலே இல்லை. "பொத்தான அமுக்கிட்டுப் பேசுங்கம்மா" என்றார் தலைவர். அமுக்கிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"நர்சக்காவா? ஒண்ணும் பயப்படாதீக. காய்ச்சலே இல்ல. ஒடம்பு சில்லுன்னுதான் இருக்கு."

நல்ல செய்தி என்று நினைத்து அவர் அதைச் சொன்னார். டாக்டர் பயப்படச் சொன்னதே அதற்குத்தான்.

"உடனே கரைக்குத் திருப்புங்கண்ணே."

"வலை போட்டுருக்கோம்க்கா. இழுத்துட்டு மத்தியானம் வந்துருவோம். காய்ச்ச விட்டா பயமில்லேன்னு மதுரை டாக்டரே சொல்லிருக்காகள்ல."

இனி நான் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கைபேசியை வயர்லெஸ்ஸின் வாயில் வைத்து டாக்டரின் குரலைப் போட்டேன். பொத்தானை அமுக்கியபடியே பிடித்திருந்தேன். குரல் முடிந்தது. கையை எடுத்தேன். இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அந்தப் பெண் என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு சத்தம் வந்தது. ஆனால் அது வேறு ஒருவரின் குரல்.

"மாப்ள, நீ கெளம்பு. ஒன் வலைய நாங்க இழுத்துட்டு வாரோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கம் தொழிலில் இருந்த வள்ளங்கள் எல்லாமே டாக்டர் பேசியதைக் கேட்டிருக்கின்றன. வள்ளம் ஓட்டுபவர், "சரி, திருப்பிட்டேன்" என்றார். கஞ்சித் தண்ணீர் இருந்தால் மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னேன். அதற்குள் மூன்றாவதாக ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நர்சக்கா, இங்கன எங்க வள்ளத்துலயும் காய்ச்ச விட்ட ஆளு ஒருத்தரு இருக்காரு. பல்லு வெளக்கும்போது ரத்தம் வந்துச்சாம். கூட்டியாரவா?"

"கூட்டிட்டு வாங்கண்ணே. இப்பவே."

சுகாதார நிலைய மாடிக்கு ஓடி ஏறி ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறை டாக்டரையும் அழைத்துச் சொன்னேன். பிறகு கரையில் காத்து நின்றோம். அந்தப் பெண் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்தால் தலைசுற்றுகிற நான் அன்று கண் எடுக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வள்ளம் வந்தது. அந்தப் பெண்ணின் கணவரைத் தோளில் சாய்த்து இறக்கினார்கள். விரல்களைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தன. நாடி நூலாக ஓடியது. அவரோ, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, இவுகதான் பயந்துக்கிட்டு..." என்று சிரிக்கப் பார்த்தார். டாக்டர் சொன்ன மாதிரியே தெளிவாகத்தான் பேசினார்.

இன்னொருவரும் வந்து சேர, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். போனில் பேசிய டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பணியில் இருந்த மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?" என்பதுதான்.

"இல்ல சார்."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

அடுத்த நாள் வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பெண் வராண்டாவை விட்டு நகரவே இல்லை. பிறகு நிலைமை மெல்லத் திரும்பியது. அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். இரண்டு பேருமே நடந்து வீட்டுக்கு வந்தார்கள். வந்தபோது, கடலில் விட்டுவந்த வலையை மற்ற வள்ளக்காரர்கள் இழுத்து வந்து அலசிக் காயப்போட்டிருந்தார்கள்; அதில் பட்ட மீனை விற்ற காசில் அந்தப் பெண்ணின் கணவருக்கு உரிய பங்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் ஊர் மக்கள் அப்படித்தான்.

நன்றி சொல்ல அந்த டாக்டரை அழைத்தேன். அவர் குரல் இதற்குள் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கும் போய், பல வள்ளங்களில் கேட்கப்பட்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவரே சொன்னார்.

"சிஸ்டர், தீவிரக் கண்காணிப்புன்னு அந்த வரிய எழுதினதே நான்தான். எல்லாருக்கும் போய்ச் சேந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அது எங்கேயும் போகலைன்னு தெரிஞ்சது."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. பிறகு அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார். நானும் இரண்டு ஊர் மாறிவிட்டேன். காய்ச்சல் காலம் வரும்போதெல்லாம் புதிய செவிலியர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். எனக்குத் தெரியாததை நானும் மேலே கேட்பேன், பதில் புரிகிற வரை விடமாட்டேன். ஒரு கேள்வியைக் கேட்டு வாங்கிய பதில் கடல் வரை போய் இரண்டு உயிர்களைக் கரைக்குக் கூட்டி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கேட்பதற்கு நான் எங்கும் தயங்கியதே இல்லை.