குதிரைக் கதைக்குச் சொந்தக்காரி

ஃப்ளாரன்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருபத்தொன்பது வருடமாக வழிகாட்டியாக இருக்கும் ஒர்னெல்லாவுக்குக் கணவன் இல்லை, குழந்தை இல்லை. ஒரு கதை இருந்தது. லியோனார்டோவை நடுத்தெருவில் வைத்து, "குதிரைச் சிலை வார்க்கத் தெரியாம பாதியில விட்டவன்தானே நீ!" என்று மைக்கலாஞ்சலோ மானத்தை வாங்கிய கதை. இருவராகவும் அவளே நடிப்பாள். பிறகு, ஒரே மண்டபத்தில் படம் வரைய இருவரையும் ஊர் அழைத்ததையும், இருவருமே முடிக்காமல் போனதையும் குரலை இறக்கிச் சொல்வாள். கூட்டம் கப்சிப் என்று ஆகிவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன், அதே தொழிலில் இருந்த தங்கை மரிஸா அதே கதையை, அதே இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொல்வதை ஒர்னெல்லா கேட்டாள். "திருடி!" என்று அருங்காட்சியக வாசலில் வைத்துக் கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது. அம்மாவின் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றார்கள். செத்துப்போன ஓவியர்களின் வீம்பைச் சொல்லிப் பிழைத்தவளுக்குத் தன் வீம்பு மட்டும் கண்ணில் படவேயில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பெர்கமோ ஊரிலிருந்து வந்த ஓய்வூதியக்காரர்களைப் படம் பார்க்க விட்டுவிட்டு, கதவோரம் காவலுக்கு உட்கார்ந்திருந்த துல்லியோவிடம் வந்தாள். சட்டைக் காலரில் இருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அதில் பேசுவது கூட்டத்தார் காதில் மாட்டியிருக்கும் கருவியில் கேட்கும்.

"பக்கத்து அறையில மரிஸா நிக்கறா. இன்னிக்கு அவளுக்குக் கடைசி நாள்," என்றார் துல்லியோ.

"தொலையட்டும்! என் வாயைத் திருடிப் பொழச்சவ. இனிமேயாச்சும் நிம்மதியா மூச்சு விடுவேன்."

"ஏம்மா இப்படிப் பேசற? தொண்டையில கட்டியாம். இங்கேருந்து நேரா மிலானுக்கு ரயில் ஏறறா. நாளைக்குக் காலையில குரல்பெட்டியையே எடுக்கறாங்க. அப்புறம் அவளால பேச முடியாது."

ஒர்னெல்லாவுக்கு, அந்தக் குரல் தன்னை ஒரே ஒருமுறை 'அக்கா' என்று கூப்பிட வேண்டும், அதைவிட வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது. திரும்பினால், பெர்கமோக்காரர்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு," என்றார் ஒரு கிழவர். "நடுநடுவுல இன்னொரு பொம்பளைக் குரலும் கலந்து வந்துச்சு."

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அலைவரிசை. அவள் பேசியது அங்கேயும் போயிருக்கிறது.

பக்கத்து அறையில், யாரிடமோ வாங்கிய காதுக் கருவியைப் பிடித்தபடி மரிஸா நின்றாள். என்ன கலந்து வருகிறது என்று பார்க்கத்தான் வாங்கியிருப்பாள். அக்காவை ஒருமுறை பார்த்தாள். கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை. இடித்துக்கொண்டு ஓடினாள் ஒர்னெல்லா. கத்த நினைத்தாள், ஓடிய மூச்சிரைப்பில் முணுமுணுப்புதான் வந்தது. "மரிஸா, நில்லுடி! அது உன் கதையும்தான். என்னைவிட நீதான் நல்லா சொன்னே. மன்னிச்சிருடி. அக்கான்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போடி!"

படிக்கட்டில் யாருமில்லை. பின்னால், மரிஸாவின் கூட்டத்திலிருந்த ஒரு பெண் அழுதுகொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நாங்க எல்லாரும் கருவியில கேட்டோம்மா. அவங்க காதுலதான் ஒண்ணும் இல்ல."